குளத்து நீர் ஏறிய கோடு

சங்கரன்கோவில்
14.10.1984

அன்பு மகள் தேவமணிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தந்த பெலத்தில் அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பம்பாய் மழையில் நனையாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெத்துராஜ் விஷயத்தை விட்டுவிடுங்கள் அப்பா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மூன்று நாள் யோசித்தேன். விட முடியவில்லை. ஏன் என்பதை வரிசையாக எழுதுகிறேன், நான் செய்தது தப்பென்று பட்டால் சொல்.

வியாபாரிகள் கமிட்டி மேற்குக் குளக்கரையில் மியூசியம் கட்டப்போவதாகச் சொன்னபோது, யாரும் கேட்காமலே நான் பிளான் வரைந்தது உனக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் உழவில் கிடைத்த தாழிகளையும் பழைய தறிகளையும் பார்க்க ஒருவன் ஒரு தடவைதான் வருவான், காற்றுக்கும் பேச்சுக்கும் வருகிறவன் தினமும் வருவான் என்று நினைத்து, தண்ணீரைப் பார்த்த பக்கம் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் வைத்தேன். துவைக்க வரும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும் உட்கார அகலமான படிகள். ஒரு வேப்பமரத்தைக்கூட வெட்ட வேண்டாம், சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, மின்விசிறி தேவையில்லை, கூரைத் தண்ணீர் குளத்துக்கே திரும்பிவிடும். எட்டு மாத வேலை. பொதுப்பணித் துறையில் ஆறு வருஷம் என் கீழே வேலை பார்த்து இப்போது காண்டிராக்ட் எடுக்கும் பெத்துராஜ் வந்து, சார் ஒரு வாரம் பாத்துட்டுத் தாரேன் என்றான். நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன், அந்தப் புத்திக்குறைவு என்னுடையது.

கமிட்டிக் கூட்டத்தில் அதே பிளான் தொங்கியது. ஒவ்வொரு எண்ணும் என் கையெழுத்து. என் பெயர் இருந்த வலது கீழ் மூலையை மட்டும் வெட்டிவிட்டு வேறு காகிதம் ஒட்டி அவன் முத்திரை வைத்திருந்தான். என் பெயருக்கு அடியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன், எல்லா உயரங்களும் மடையின் அடிக்கல்லிலிருந்து அளந்தவை என்று. குளத்து வேலை பார்த்த எங்களுக்கு அந்தக் கல்தான் பூஜ்யம். பெயரோடு குறிப்பும் போய்விட்டது. கட்டிடம் நிற்கும் மேடு அந்தக் கல்லுக்கு ஐந்து அடி மேலே. நான் காட்டிய தரைமட்டம் ஒன்பது அடி, அதாவது மேட்டிலிருந்து நான்கு அடி. யாரோ எழுந்து, மியூசியத்துக்கு ஒம்பது அடி உசரமா, யானையா கட்டப்போறோம் என்று கேட்க, கூட்டம் சிரித்தது. பெத்துராஜுக்கு மடைக்கல் நினைவே வரவில்லை. அது கை தவறி விழுந்த எண்ணு, மேட்டுல இருந்து ரெண்டு அடின்னு வச்சுக்கிடுங்க என்றான். கைதட்டினார்கள். நான் பின் வரிசையில் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அது கோழைத்தனம். பிறகு, உன்னிடம் மறைக்கவில்லை, அது வன்மமாக மாறிவிட்டது. நான் வேலையில் இருந்தபோது வந்த பெருவெள்ளத்தில் குளம் மடைக்கல்லிலிருந்து எட்டு அடி ஏறியதை நானே அளந்திருக்கிறேன். அவன் கட்டும் தரை ஏழு அடி. திறப்பு விழாவில் அவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நினைத்து நினைத்துச் சாப்பிட்டேன். சர்ச் ஐயர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்த ஞாயிறு காணிக்கைத் தட்டு வரும்வரை நான் தலை நிமிரவில்லை. மழை வேண்டும் என்று ஜெபிக்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஒங்க கோவத்துக்குக்கூட ஸ்கேல் வச்சுக் கோடு போடணும் போல என்றாள்.

சுவர் எழும்பத் தொடங்கிய பிறகுதான் கனகமணி டீச்சர் தன் தகப்பனாரின் ஓலைச்சுவடிக் கட்டுகளை மியூசியத்துக்குக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பெத்துராஜ் நனையட்டும், ஓலைகள் என்ன பாவம் செய்தன? இரும்புக்கடை மன்சூர் அலியிடம் முழுவதையும் சொன்னேன். அண்ணாச்சி, நீங்க அளந்து அளந்தே காலத்த ஓட்டிருவீய, அவன் அளக்காமலே கல்வெட்டுல ஏறிருவான் என்று திட்டிவிட்டு, கடையிலிருந்து நீண்ட பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். குழாயில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, மடையிலிருந்து படிப்படியாக மட்டம் கொண்டுபோனோம். ஓர் அங்குலம் பிசகியிருக்குமோ என்று மூன்று தடவை பார்த்தேன். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வெளிச்சுவரைச் சுற்றிக் கறுப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். குளத்து நீர் இதுவரை ஏறியது, அளந்தவன் ஞானஒளிவு என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

கோடு வெளியே இடுப்பளவு, உள்ளே தரைக்கு மேல் ஓர் அடி. குளிக்க வந்த பெண்கள் அதன் பக்கத்தில் நின்று தங்கள் இடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். கனகமணி டீச்சர் ஓலையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள், தறி கொடுத்தவர்களும் திருப்பிக் கேட்கிறார்கள். பெத்துராஜ் ஓடி வந்தான். சார், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா என்றான். மூலைய வெட்டும்போது நீ வீட்டுக்கு வந்து சொன்னியாலே என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கல்வெட்டில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடுவதாக இப்போது ஆள் அனுப்புகிறான். முடியாது என்றேன். சுவர் இன்னும் ஜன்னல் மட்டத்தில்தான் நிற்கிறது, கூரை ஏறிவிட்டால் தரையை உயர்த்த வழியில்லை. அதனால் இரண்டு அடி இப்போதே உயர வேண்டும். எந்தக் கல்லிலிருந்து அளக்க வேண்டும், அதைச் சொன்னவன் யார் என்று திறப்பு விழா மேடையில் அவன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கோட்டை அழிக்க விடமாட்டேன். அவன் வெள்ளையடித்தால் மறுபடி போடுவேன், பெயிண்ட் பாக்கி இருக்கிறது.

பிள்ளைகளைக் கொதித்து ஆறின தண்ணீர்தான் குடிக்கவிடு. மாப்பிள்ளையின் இருமலைச் சும்மா விடாமல் டாக்டரிடம் காட்டு. கர்த்தர் உங்கள் வாசலைக் காத்து, குறைவில்லாமல் நடத்துவாராக. ஒன்றை மறக்காதே, பெத்துராஜின் மகன் சங்கரசுப்பு பம்பாயில்தான் இருக்கிறான், உன் மூலமாக என்னைச் சமாதானம் செய்ய வருவான் என்று தெரிகிறது. நல்ல பையன், சாப்பாடு போடாமல் அனுப்பாதே. ஆனால் என் பெயரில் ஒரு வாக்கும் கொடுத்துவிடாதே. தரையை உயர்த்தியாச்சா என்று மட்டும் கேள், அவன் பதில் சொன்ன பிறகு குழம்பு ஊற்று.

உன் அன்பு அப்பா,
ஞானஒளிவு