கல்வராயன் எரிமலைத் தண்ணீர்

மார்ச் 13, வியாழன். காலையிலேயே வெயில்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். கல்வராயன் மலையில் எரிமலை வாய் இருக்கிறது, ராத்திரியில் கொதிக்கும் என்று டீக்கடையில் அளந்தவன் நான்தான். வயது ஐம்பத்திரண்டு. கண்ணால் பார்த்தது கிடையாது. ஏதோ ஒரு பள்ளம் குமிழி விடுகிறது என்று ஆடு மேய்க்கிறவன் ஒருவன் வழியோடு சொன்னான். மீதி என் கைச்சரக்கு.

செல்போன் கடை குமரேசன் நம்பிவிட்டான். வீடியோ சேனல் நடத்துகிறான். பார்ப்பது அவன் மாமியார் ஒருத்திதான், அதுவும் திட்டுவதற்கு என்று கேள்வி. நாளை ராத்திரி ஏறுகிறோம். ஆட்டோ மணியும் வருகிறான். கருணாபுரத்துக்காரன், தம்பியைக் கள்ளச்சாராயத்துக்குப் பறிகொடுத்தவன். காரியத்தன்று அவனும் நானும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம், இனித் தொடுவதில்லை என்று. ஒன்பது மாதம். மணி கெட்டியான ஆள். என் நாக்குதான் இன்னும் எச்சில் இலைக்குக் காத்திருக்கிற நாய்.

எடுக்க: டார்ச், மஃப்ளர், முட்டித் தைலம், பரோட்டா 9, காலி பாட்டில் (எரிமலைத் தண்ணீர் சாம்பிளுக்கு, குமரேசன் உத்தரவு).

மார்ச் 15, சனி. மேகமூட்டம். முட்டி வீக்கம்.

சீ. வெள்ளிமலைக்கு முன்னாலேயே வண்டியைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நடை. எருமைச் சாணியில் கால், இரண்டு தடவை. முன்னால் குமரேசன் சால்னா ஏப்பம் விட்டபடி. பின்னால் நான், அத்தனையையும் வாங்கியபடி.

பள்ளம் நிஜமாகவே இருந்தது! முள் போட்டு மூடியிருந்தது. விலக்கினால் பழுப்பாக ஏதோ குமிழி விடுகிறது. புளித்து அழுகின நாற்றம்.

குமரேசன் போனைத் தூக்கிவிட்டான். "பாருங்க மக்களே, லாவா வந்துகினு இருக்குது! யோவ், பாட்டில்ல ரொப்புய்யா!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு ரொப்பினேன். பிசுபிசு. பக்கத்திலேயே வயிறு உப்பி மல்லாந்து மிதக்கிற எலி.

மணி டார்ச் அடித்தான். புதைத்த பிளாஸ்டிக் பேரல். வெல்லம், வேலம்பட்டை.

"இன்னா லாவா? சாராய ஊறல்டா இது."

"சூடா இருக்குதே?" குமரேசன்.

"ஊறல் சூடாத்தான்டா இருக்கும். என் தம்பி வாயில இதே நாத்தம்தான் வரும்."

உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து பாறாங்கல்லைத் தூக்கிப் பேரலில் போட்டான். நாங்களும் போட்டோம். முகமெல்லாம் தெறித்தது, வாயோரம் உட்பட. குமரேசன் வாந்தி. அதைப் பார்த்து நானும்.

இறங்கும்போது மணி கேட்டான்: "பாட்டில்ல புட்ச்சத இன்னா பண்ண?"

"கொட்டிட்டேன்டா."

"நீ கூட நிக்கிறதாலதான்டா நான் தொடாம கீறேன்."

இருமினேன்.

மார்ச் 16, ஞாயிறு. மறுபடி வெயில்.

நான்கு முறை குளித்தாயிற்று. நாற்றம் போகவில்லை. மனைவி: "இன்னாங்க, வூடே புளிச்ச மாவு மாரி நாறுது? எங்க பொரண்டுகினு வந்தீங்க?" எருமைக் குட்டை என்றேன். உடனே நம்பினாள். என் தோற்றம் அப்படி.

குமரேசன் வீடியோவை அழித்துவிட்டான். மணி ஸ்டேஷனில் போய் இடத்தைச் சொல்லிவிட்டு வந்தானாம்.

எலி மிதந்ததை எவன் குடிப்பான்? மனுஷ ஜென்மமா அது? தூ.

பாட்டில் என் ஸ்கூட்டர் டிக்கியில். நேற்று கழுத்து வரை இருந்தது. இப்போது பாதி. சாவி என்னிடம்தான்.