பதில் வராத பெயர்

பக்கத்து வீட்டுப் பெண் தன் மாணவர் படைச் சீருடைக்குக் கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்திருக்கிறாள். அந்தக் காக்கி வாசம் சன்னல் வழியே வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

பர்மா சண்டை முடிந்து ஏலாக்குறிச்சிக்கு வந்தபோது நீங்கள் முழுதாக வந்துவிடவில்லை. ‘ரிசர்வ்’ என்றார்கள். வீட்டில் இருக்கலாம், உழலாம், அறுக்கலாம். மதராஸ் ராணுவத் தலைமையகம் கூப்பிட்டால் மட்டும் உடனே கிளம்ப வேண்டும். வெளியூரில் நாலு நாள் தங்குவதென்றால்கூட அவர்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுவீர்கள். “எங்கம்மாவுக்குக்கூட நீங்க இவ்வளவு பயப்படலையே” என்று கேலி செய்வேன். “ஆறு வருசத்துல என் தாள்ல ஒரு செவப்பு மசி கெடையாது, புள்ள” என்பீர்கள். தப்பு செய்தவன் தாளில்தான் சிவப்பு மசி விழுமாம். நீங்கள் பெருமை பேசிய ஒரே விஷயம் அது.

காஷ்மீரில் சண்டை நடந்த வருஷம் அந்தப் பழுப்பு உறை வந்தது. நீங்கள் வயலில் இருந்தீர்கள். என் அண்ணன் செத்த சேதியும் அப்படிப்பட்ட உறையில்தான் வந்திருந்தது. பிரிக்கவே இல்லை, அடைக்கல மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு நவநாள் செபம் தொடங்கினேன். ஒன்பது நாளில் அவள் சண்டையை நிறுத்திவிடுவாள் என்று நிஜமாகவே நம்பினேன்.

ஒன்பதாம் நாள் சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். “குறிச்ச தேதிக்கு ஆளு வரலன்னு மதராஸ்லேருந்து தந்திங்க” என்றார். நான் அழுதுகொண்டே உறையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் படித்தார். காஷ்மீருக்கு இல்லை. புதிதாகத் தொடங்கிய மாணவர் படைக்கு அணிவகுப்புச் சொல்லித்தர, திருச்சிக்கு.

“ஆயிரம் பேருக்கு நடுவுல ஒத்த ஆளு கொறையிறது எப்படிங்க தெரியும்?” என்று வயலிலிருந்து ஓடி வந்த உங்களிடம் கேட்டேன்.

“பேரு கூப்புடுவாங்க. பதில் வராத பேர விட்டுற மாட்டாங்க, புள்ள.” சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள். எனக்குப் பயம் போய் மலைப்பு வந்தது. என் ஊரைக் கண்ணால் பார்க்காத ஓர் ஆபீசில் உங்களுக்கென்று ஓர் இடம் காலியாகக் காத்திருந்திருக்கிறது.

ஒரு மாதம் கழித்து வந்தீர்கள். “பசங்க கெட்டிக்காரனுங்க” என்றதோடு சரி.

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குப் பாடாலூரிலிருந்து உங்கள் பட்டாளத்துச் சிநேகிதர் வந்திருந்தார். திருச்சியில் நீங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்த அன்று அதிகாரி முன்னால் அவரும் நின்றாராம். கடிதம் கிடைத்ததா என்று கேட்டதற்கு, “கெடைச்சுதுங்க சார், நான்தான் அசட்டையா இருந்துட்டேன்” என்றீர்களாம். சிவப்பு மசி விழுந்ததாம். எத்தனை சண்டை போட்டிருப்போம், ஒன்றிலாவது குத்திக்காட்டியிருக்கக் கூடாதா? உங்களோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும், நீங்கள் எவ்வளவு பெரிய மனிதர் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

போன வாரம் தலைமையகத்துக்கு எழுதிப் போட்டேன். கடிதத்தை ஒளித்தது நான், அவர் இல்லை. அந்தச் சிவப்பு மசி வரியை என் பேருக்கு மாற்றிவிடுங்கள் என்று.