நிலைக்கண்ணாடியின் விலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகமாகவே இருக்கிறேன். அங்கே எல்லோரும் சுகம் என்றும், பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது என்றும் பாப்பா சொன்னாள். பாப்பாவின் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனவள் நீ. இது ஒன்பதாவது மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போன் செய்யும் நேரத்தில் சரியாக, "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். கடிதத்தைக் குளித்துவிட்டு வந்தும் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

பழம்பொருள் கடை வழக்கம்போல் நடக்கிறது. பல் மருத்துவர் ஒருவர் தன் சோபா நிறத்துக்குப் பொருந்துகிறதென்று பெரிய குதிரை ஓவியத்தை வாங்கினார். அது எந்தக் காலத்தது என்று சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார், ஆணி நீங்களே அடிச்சுக் குடுத்துருவீங்களா?" என்றார். வரலாற்றில் முதல் வகுப்பில் தேறியவன், போய் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு வர வேண்டிய கல்லூரி வேலையைச் சிபாரிசில் வாங்கினானே, அவன் இப்போது துறைத்தலைவராம். பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தான். கெட்டியான தாள். பீங்கான் பொம்மையைச் சுற்றிக் கட்ட உதவியது.

கண்ணாடி விஷயத்தை நான் எழுதவில்லை என்றால் யாரும் எழுதப்போவதில்லை. நீ ஊருக்குக் கிளம்புமுன் ஒரு நாள் கடைக்கு வந்த அந்தப் பெண்மணி, வீட்டை மறைக்கும் திரைச்சீலை விலகிய இடைவெளியில் உள்ளே பார்த்து, "அந்த நிலைக்கண்ணாடி என்ன விலை?" என்று கேட்டார். நான் விளக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் விலை சொன்னேன். நீ அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாய். அது உன் அம்மா உனக்குக் கொடுத்தது. சீப்போடு ஓரமாக நகர்ந்து நின்று, ஆட்கள் தூக்கிப் போக வழிவிட்டாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது உன் தவறு என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவே ஒரு துணி. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் இருந்தோம். நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையையே ஒருவர் காத்திருந்து வாங்கிப்போனார். "நல்லவேளை எந்திரிச்சேன், இல்லன்னா என்னையும் சேத்துத் தூக்கியிருப்பாங்க" என்று நீ அன்று சிரித்தாய். சிரித்தாய் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்மணி உணவகங்களுக்கு அலங்காரம் செய்து கொடுப்பவர். விசாரித்துப் போனேன். கடைத்தெருவில் ஒரு மாடி உணவகத்தில், கை கழுவும் இடத்தில் கண்ணாடியை நிறுத்தியிருக்கிறார்கள். கீழ்ப்பாதியெல்லாம் சோப்புத் தண்ணீர் தெறித்த கறை. இரட்டை விலை தருகிறேன் என்றேன். "நீங்க வித்ததை நீங்களே திரும்பக் கேக்குறீங்களே, நல்ல வியாபாரிதான் போங்க" என்றார் முதலாளி. இரண்டாவது முறையும் போனேன். இனி சாப்பிடுவதானால் மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டேன். கை கழுவினேன். வந்துவிட்டேன். அது இனி வராது. பாப்பா மூலம் காதில் விழுவதைவிட என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்வது நல்லது.

அதன்பின் கடையில் இருந்த 'விற்றாகிவிட்டது' சீட்டுகளை எடுத்துப் பின்னறைச் சாமான்கள் எல்லாவற்றிலும் ஒட்டினேன். கட்டில், அலமாரி, உன் தையல் மெஷின், மாவு சலிக்கும் சல்லடைகூட. 'விற்பனைக்கல்ல' என்று சீட்டு கைவசம் இல்லை. எட்டிப் பார்த்த ஒருவர், "எல்லாம் வித்துப் போச்சுன்னா கடையை ஏன் சார் தொறந்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

உன் தம்பி வந்திருந்தான். நம் கல்யாணத்தில் என் தொழிலைக் காயலான் கடை என்றவன் அவன். நான் மறக்கவில்லை. இந்த முறை, பாப்பா ஊரில் குளிர் தொடங்கிவிட்டது, உன் குளிர்கால உடுப்புகளை எடுத்து அனுப்ப வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். எத்தனை குளிர்காலத்துக்கு என்று கேட்கவில்லை.

வேறு செய்தி ஒன்று. வீட்டுக்குத் தனி வாசல் வேண்டும், வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் கடைக்குள் புகுந்து வர முடியவில்லை என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். சுவரை இடித்தால் கூரை தாங்காது என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாரு சார் உங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்றார். நான்கு நாள் வேலை. சமையலறைக்குப் பக்கத்தில், சந்துப் பக்கமாகக் கதவு வைத்தாயிற்று. புதுக் கதவு. பழையது என்னிடமே எட்டு இருந்தும் புதிதாகத்தான் வாங்கினேன்.

பூட்டோடு இரண்டு சாவி தந்தார்கள். ஒன்றைக் கொத்தனார் எங்கோ தொலைத்துவிட்டார். மற்றதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். எனக்கு அவசரமில்லை, நான் கடை வழியாகவே போய் வருகிறேன்.

பேத்திக்கு என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா