பானெட்டுக்குள் வைத்த பொட்டு

விஜயபுரம்,
கார்த்திகை 5.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஷோபா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. நம் குழந்தை ரக்ஷிதா பள்ளிக்கூடம் போகிறாள், அத்தை இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறார்கள். அதுவரை பொய்யில்லாமல் எழுதலாம். ஃபோனில் நான் பேசத் தொடங்கினால் அழுகை முந்திக்கொள்கிறது, உங்களுக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. அதனால்தான் நாளை நீங்கள் இருக்கும் குவைத்துக்குத் திரும்பும் ரமணா அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உங்களுக்கு லீவு கிடைக்காததை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் அண்ணன் கோவர்த்தனன் கடலைக் கொல்லைக்குப் போவதை விட்டுவிட்டார். போட்ட சோறு தட்டிலேயே காய்கிறது. மாமா இறந்த அன்று நீங்கள் ஃபோனில் அவரிடம், "ஒரு காரை ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதவன் நைனாவை இன்னா காப்பாத்துவே" என்று கத்தினீர்களே, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. வீடு முழுக்க உறவு ஜனம். அன்றிலிருந்து "நைனாவை நான்தான் கொன்னுட்டேன்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சில்லை.

அவர் அந்தப் பழைய மாருதியைக் கவனிக்காமல் விட்டார் என்று நினைக்காதீர்கள். ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்தே அது மக்கர் பண்ணியது. வெயிலில் ஒழுங்காக ஓடும், மழை பெய்தால் திக்கித் திக்கி நின்றுவிடும். அவர் பிளக்கைக் கழற்றித் தேய்த்தார், பாயின்ட்டை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்து பெட்ரோலில் கழுவினார். புத்தூர் மெக்கானிக் சுனிலிடம் மூன்று முறை கொண்டு போனார். போன நாளெல்லாம் வெயில், வண்டி சொன்னபடி கேட்டது. இந்த வண்டிக்கு என்னதான் பிடித்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று காலை மாமாவுக்கு நெஞ்சு வலித்தபோது நல்ல மழை. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. திருப்பதிக்கு நாமே கிளம்பினோம். புத்தூர் தாண்டும்வரை இழுத்துக்கொண்டு வந்த வண்டி வடமாலபேட்டை அருகே நின்றுவிட்டது. அண்ணன் மழையில் நனைந்தபடி பானெட்டைத் திறந்து பிளக் ஒயரைத் துடைத்தார், ஊதினார், மறுபடி மறுபடி சாவி போட்டார். போகிற லாரிகளுக்கெல்லாம் கை காட்டினார். ஒரு தக்காளி வண்டிக்காரன் நிறுத்தியபோது மாமாவின் தலை என் மடியில் சாய்ந்துவிட்டிருந்தது.

இனி எழுதப்போவதை இரண்டு முறை படியுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் சுனில் வந்து பானெட்டைத் திறந்தார். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் தலையில் ஒயர் சொருகும் இடத்தைச் சுற்றி இழுத்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத் துணியால் துடைத்தார். அடியில் இருந்த கருகிய கோட்டை எனக்குக் காட்டிவிட்டு அதையும் சுரண்டி எடுத்தார். "மழை ஈரத்துல கரண்ட்டு பிளக்குக்குப் போவாம இந்தப் பொட்டு வழியா வண்டி பாடிக்கு இறங்கியிருக்குதும்மா" என்றார். முன்பே அதைத் துடைக்கக் கேட்டாராம். பூஜையில் வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், அழிக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா. "எங்க வூட்டுப் பொண்ணு வெச்ச பொட்டு, கை வெக்காதே" என்று அண்ணன் தடுத்திருக்கிறார்.

அந்தப் பொட்டை வைத்தவள் நான். வருஷா வருஷம் பானெட் மேலும் சக்கரத்திலும் வைப்பதோடு சரி. இந்த வருஷம் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டி, நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று உள்ளே இருந்த சாமான் ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். காயிலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். என் கைராசியை அத்தை ஊரெல்லாம் சொல்வார்கள். இனி என்ன சொல்வார்கள்?

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்கு மன்னிப்பில்லை. மூன்றாம் நாள் அண்ணன் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "என்னைத் தேத்தறதுக்கு உன் தலையில போட்டுக்கினு பேசறேம்மா" என்றார். சுனிலைக் கூட்டி வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். "வெயில்ல எப்பவும்தான் எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சுனிலும் நான் சொல்லிக் கொடுத்ததைப் பேசுவதாக நினைக்கிறார். துடைத்துவிட்ட பொட்டுக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவேன்?

அவர் காதில் தம்பி நீங்கள் கத்தியதுதான் நிற்கிறது. அதை எடுக்க உங்களால்தான் முடியும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள், எனக்கில்லை, அவருக்கு. நைனா போனது உன்னால் இல்லை என்று சொல்லுங்கள். யாரால் என்று கேட்பார். கேட்டால் தயங்காமல் என் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

அதற்குப் பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம். வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்தத் திருப்பதி மலையப்பன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். அண்ணனை மட்டும் நாள் கடத்தாமல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பி வந்த
ஷோபா