அம்மாவுக்கு ஒரு சீசன் வீடு

அம்மா,

நேற்று திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு கூலியாள் தலையிலிருந்து இறக்கிய கூடை என் காலடியில் வந்து உட்கார்ந்தது. மேலே மூடியிருந்த காட்டு இலைகளை வியாபாரி ஒதுக்கினான். உள்ளே பச்சைப் பேரிக்காய். ஈரமும் மண்ணும் கலந்த அந்த மலை வாசனை மூக்கில் ஏறியதும், வாங்க வந்த கத்தரிக்காயை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

"எடுத்துக்கங்க சார், கொடைக்கானல் சரக்கு. இப்பத்தான் எறங்குச்சு" என்றான்.

நான் எடுக்கவில்லை. நீ போன பிறகு அந்தப் பழத்தை நான் தின்றதில்லை. விரதம் ஒன்றும் இல்லை. தொண்டையில் இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

சீசன் முடிந்து நீ மலையிலிருந்து இறங்கி வரும்போது உன் மூட்டையிலும் இந்த வாசனைதான் அடிக்கும். சித்திரையும் வைகாசியும் நான் பாலக்கரையில் சித்தி வீட்டில் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு கிடப்பேன். நீ துரை வீட்டுப் பிள்ளைகளோடு ஏரிக்கரைக் குளிரில் இருப்பாய். ஆயா வேலை. என்னைவிட இரண்டு மாதம் இளையவனான அந்த வெள்ளைக்காரப் பையன் முதன்முதலாக நடந்தது அங்கேதான், உன் விரலைப் பிடித்துக்கொண்டு. நான் முதன்முதலாக நடந்த அன்று நீ இங்கே இல்லை. இதை நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

நான் பிறப்பதற்கு முன், கார் ரோடு போடாத காலத்தில், துரைசானி டோலியில் போக, நீ அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்து ஏறியிருக்கிறாய். அதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் போனாய். ஒரு தடவைகூட அங்கே எந்த வீட்டுக்குள்ளும் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. படுத்தது சமையல்கட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. அந்தக் கூரையில் மழை பெய்தால் பக்கத்தில் படுத்திருப்பவள் பேசுவது கேட்காது என்பாய்.

எனக்கு ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்த வருஷம், நீ கடைசியாக வேலை பார்த்த துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறிவிட்டது. முதல் இலவச ரயில் பாஸுக்கு எழுதிக் கொடுத்தபோது கூட வருபவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். எழுதிய அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். வருகிற சீசனில் பத்து நாள் நீ அங்கே துரைசானி மாதிரி இருக்க வேண்டும். கைகட்டி நின்ற இடத்தில் கால் நீட்டி உட்கார வேண்டும்.

"அம்மா, இந்த சீசனுக்குக் கொடைக்கானல் போறோம்."

"யாரு கூட்டிட்டுப் போறாங்க? எந்தத் துரை?"

"நான்தான் துரை."

நீ புளியைக் கரைத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாய். "மூஞ்சியப் பாரு. மொதல்ல சட்டைக்குப் பொத்தானைத் தச்சுக்க."

அன்று சாயங்காலமே திட்டம் போட உட்கார்ந்தேன். ஆபீசில் கழித்துப் போட்ட ஃபாரங்களின் பின்பக்கம்தான் காகிதம். ஏரி தெரிகிற வீடு. கண்ணாடி போட்ட வராந்தா. அறைக்கு அறை கணப்பு. சமையலுக்கு ஓர் ஆள், வெந்நீருக்கு ஓர் ஆள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். நான் எழுத எழுத, நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினாய்.

"ஏரிய ஒட்டி எடுக்காதடா. ஈரம் ஏறி மெத்தையெல்லாம் நமுத்துப் போவும். மேட்டுல எடு. ஏரியும் தெரியும், வெயிலும் விழும்."

"சரி. ராத்திரிக்கு மீன்."

"மீனா? மேல வர்றதுக்குள்ள நாறிடும். கோழி சொல்லு. வெறகைப் போன அன்னிக்கே வாங்கிப் போட்டுடணும். நனைஞ்ச வெறகைத் தலையில கட்டப் பாப்பான். ரெண்டு கட்டையத் தட்டிப் பாத்து வாங்கு, சத்தத்துலயே தெரியும்."

சொகுசாக ஒரு வீட்டைப் பத்து நாள் நடத்துவது எப்படி என்று நம் இருவரில் உனக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம் ஒன்றுதான். ஆனாலும் அந்தச் சாயங்காலங்களில் நாம் நிறையச் சிரித்தோம். வெந்நீர் கொண்டுவருகிறவனுக்குப் பெயர்கூட வைத்தாய். அவன் சோம்பேறி என்று தீர்மானித்து, இங்கிருந்தே அவனைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

வீடு பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்தவன் ரங்கசாமி. என் பக்கத்து மேஜைக்காரன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் வண்டி பிடித்து வந்தும் நெற்றி நாமம் கலையாதவன்.

"ஏன்டா, அவா நடுவுல போய் பத்து நாள் இருக்கறதுக்கு இத்தனை பாடா? எங்க சித்தப்பா ஒரு தரம் போனார். குளிருக்குப் பயந்து மூணு நாள் ஸ்நானம் பண்ணலை. ஆத்துல இன்னும் சொல்லிக் காட்டறா."

"எனக்கு ஆசை இல்லடா. எங்கம்மா அங்க உக்காரணும்."

"பேஷா உக்காரட்டும். அம்மாவைக் கேட்டியோ?"

"கேட்டாச்சு" என்றேன். கேட்கவில்லை. சொல்லியிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

ஏஜெண்டிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. நம்முடைய கிறிஸ்தவப் பெயரையும் ரங்கசாமியின் இங்கிலீஷையும் பார்த்து நம்மை யாரோ பெரிய இடத்து ஆட்கள் என்று நினைத்திருக்க வேண்டும். வீடு இருக்கிறது. உங்களை அறிந்த கண்ணியமான இருவரிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பவும். உடன் வரும் வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்றும் எழுதவும். கண்ணியமானவர் என்றால் வெள்ளைக்காரர் என்று அர்த்தம். அதை உனக்குப் படித்துச் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

உன் முகம் மலர்ந்தது. "சாட்சிக் கடுதாசிதான? அதுக்கு ஏன்டா இப்படிக் குந்தியிருக்க? எங்கிட்ட இருக்கே!"

உள்ளே போய் பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து வந்தாய். வேலை பார்த்த வீடுகளில் உனக்கு எழுதிக் கொடுத்த சிட்டுகள். ஏழு இருந்தன. உனக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தின் நிறத்தையும் மடிப்பையும் வைத்தே ஒவ்வொன்றும் யார் கொடுத்தது என்று சொன்னாய். "இது பெரிய துரைசானி. இந்த நீலம் டாக்டர் துரை வீட்டம்மா. இதெல்லாம் காட்டினா எந்த வீட்டுலயும் கதவத் தொறப்பாங்க."

வாங்கிப் படித்தேன். சுத்தமானவள். திருடமாட்டாள். சொன்னபடி கேட்பாள். குழந்தைகளிடம் பொறுமை உள்ளவள். ஏழிலும் ஏறத்தாழ இதேதான்.

"இது வேலைக்காரிக்குக் குடுக்கறதும்மா. வீடு எடுக்கறவங்களுக்கு இல்ல."

"ஆளு ஒண்ணுதானடா? என்னப் பத்தி நல்ல விதமாத்தான எழுதியிருக்கு?"

ஏழு சிட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழித்தேன். நல்ல கெட்டிக் காகிதம். முதல் தடவை கிழியவில்லை. இரண்டாம் தடவை கையை மாற்றிப் பிடித்துக் கிழித்தேன். அந்த இரண்டு தடவைக்கும் நடுவில் நான் நிறுத்தியிருக்கலாம், அம்மா. நேரம் இருந்தது.

நீ துண்டுகளை மடியில் பொறுக்கிக்கொண்டாய். "அதுல மூணு இனிமே கெடைக்காதுடா. எழுதிக் குடுத்தவங்க செத்துப் போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாய். பிறகு எழுந்து எனக்குச் சோறு போட்டாய்.

மறுநாள் ஆபீசில் இதை ஒரு வீரச்செயல் மாதிரி ரங்கசாமியிடம் சொன்னேன். அவன் டைப் அடிப்பதை நிறுத்தினான். "கிழிச்சது உன் கடுதாசியாடா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினான்.

பங்குனிக் கடைசியில் சவரிமுத்து மாமா வந்தார். பழைய துரை வீட்டில் உன்னோடு பட்லராக இருந்தவர். இப்போது அதே பங்களாவுக்குக் குடிவந்திருந்த வேறொரு துரையிடம் இருந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். "அக்கா, நாளைக்குக் காலையில சிட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துருங்க. நான் சொன்னதுக்குத் துரைசானி ஒத்துக்கிச்சு. சிட்டு பாக்கணும்ங்குது. அடுத்த வாரம் மலைக்குக் கெளம்பறாங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் திட்டம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, நீ உன் வழியில் மலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாய். நான் கிழித்த பிறகும் அவரிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

"சிட்டு இல்ல தம்பி."

"இல்லன்னா? எங்க போச்சு?"

"மழையில நனைஞ்சு போச்சு."

திருச்சியில், பங்குனியில், மழை. சவரிமுத்து மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, விடுங்கக்கா. மேல எம்மச்சான் வீடு இருக்கு. பங்களாவுக்குப் பின்னால சின்ன வீடுதான். ஐப்பசியில போங்க, கூட்டம் இருக்காது. தம்பியும் வரட்டும்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். உன் கண்ணில் இருந்தது ஆசை என்று இன்று தெரிகிறது. அன்று அதை அடிமைப் புத்தி என்று எடுத்துக்கொண்டேன். "பின்கட்டுல ஒண்டறதுக்கு நான் வரல மாமா. போனா முன்வாசல் வழியாத்தான் போறது" என்றேன். கைதட்டலுக்குக் காத்திருப்பவன் போல் நின்றேன்.

சீசன் வந்து போயிற்று. இன்னும் இரண்டு ஏஜெண்டுகளுக்கு எழுதினேன். ஒருவனிடமிருந்து பதில் இல்லை. இன்னொருவனும் சாட்சி கேட்டான். ஐப்பசியும் வந்தது. மேஜை இழுப்பறைக்குள்ளேயே பாஸின் கெடு முடிந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ சரி என்றாய். கூலிக்கு மாவு இடிக்கப் போனாய். துரை வீட்டு வேலையைவிட அது எனக்கு கௌரவமாகத் தெரிந்தது. உன் தோள்பட்டை வலியைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்போதும் பங்குனி பிறந்தால் என் மேஜை வழியாகத்தான் சீசன் பயணக் காகிதங்கள் போகின்றன. துரைகளுக்கு முதல் வகுப்பு. நாய்க்குத் தனிச் சீட்டு. ஆயாவுக்கு மூன்றாம் வகுப்பு. பிள்ளை அழுதால் வழியில் ஸ்டேஷனில் அவள் இறங்கி முதல் வகுப்புக்கு ஓட வேண்டும். நான் முத்திரை குத்துகிறேன். குத்தும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். பல்லைக் கடித்து யாருக்கு என்ன ஆகிவிட்டது?

அந்த ஐப்பசிக்கு அடுத்த சித்திரையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. பாலக்கரையில் நம் வீட்டு ஓடு பகலெல்லாம் கொதித்து, விடியும் வரை ஆறாது. ஈரத்துணியை நெற்றியில் போட்டால் ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும். நீ கண்ணைத் திறந்தாய்.

"மணி என்னடா?"

"அஞ்சு இருக்கும்மா."

"இந்நேரம் பாலுக்குப் போவேன்."

புலம்புகிறாய் என்று நினைத்தேன். நீ தெளிவாகத்தான் இருந்தாய். வெள்ளைக்காரர்கள் எழுந்திருக்க ஏழு மணி ஆகும். அதற்கு முன் பால் வாங்கி வருவது உன் வேலை. ஏரியைச் சுற்றிப் போகும் பாதை. மூடுபனி இறங்கினால் போட்டிருக்கிற செருப்பே தெரியாது. வழியில் ஒரு கல் இருந்ததாம். போகும்போதே அதில் உட்கார்ந்துவிடுவாயாம், தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

"ஒரு மணி நேரம்டா. ஆயான்னு ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. அதுக்குத்தான் வருசா வருசம் போனேன்."

"அங்க உக்காந்து என்ன நெனைப்ப?" அந்த ஊரைப் பற்றி நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மொதல்ல ஒன்ன நெனைப்பேன். இங்க வெயில்ல கெடப்பியேன்னு. அப்பறம் ஒன்னையும் நெனைக்க மாட்டேன். ஒண்ணுமே நெனைக்க மாட்டேன். அதான்டா நல்லாருக்கும்."

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்திலும் நம் ஜாதி ஆட்களுக்கு மூலையில்தான் இடம் என்றார்கள். அங்கேயும் சண்டை போட்டேன். மூலையிலேதான் அடக்கம் செய்தார்கள்.

ஒரு வாரம் கழித்து உன் துணிகளை ஒழுங்கு செய்தபோது திட்டம் எழுதிய அந்தப் பத்துத் தாள்களும் கிடைத்தன. நீதான் மடித்து வைத்திருந்தாய். முதல் நாளிலிருந்து படித்தேன். ஒவ்வொரு தாளிலும் மேலே முதல் வரியாக ஒன்றையே எழுதியிருந்தேன். "காலை ஏழு மணிக்கு டீ படுக்கைக்கு வர வேண்டும். அதற்கு முன் அம்மா எழுந்திருக்கக் கூடாது." மறந்துபோகக் கூடாதென்று அடியில் கோடும் போட்டிருந்தேன்.

உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு என்று சொல்லிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். நீ பக்கத்தில்தான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாய். மீனைத் திருத்தினாய், விறகைத் திருத்தினாய், இந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் விட்டாய்.

துரைகள் மேல் எனக்கு உள்ள கோபம் குறையவில்லை, அம்மா. குறைய வேண்டாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் ஏழு மணிக்கு முன் உனக்கென்று இருந்த அந்த ஒரு மணி நேரத்தின்மேல் பத்துக் கோடு போட்டவன் எந்தத் துரையும் இல்லை.