உத்திரத்துக்கு ஊருக்குப் போவது

மாசி 26, செவ்வாய்

காலையில் பனி. கடல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. திருவொற்றியூரில் மாசிக் கடைசியில் இப்படிப் பனி விழுந்து நான் பார்த்ததில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. இவர் ராணுவச் சாமான் ஏலத்தில் எடுத்த வேன். பழைய இரும்பாக உடைத்து விற்கத்தான் எடுத்தார். எஞ்சினில் உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் மனசு மாறிவிட்டது. இப்போது எங்கள் பழைய இரும்புக் கடை வாசலில் நாலு கல்லின் மேல் நிற்கிறது. அடியில் தண்டையார்பேட்டை மெக்கானிக் காசிம் பாய்; வண்டி ஓட்டப்போவதும் அவர்தான். கால் மட்டும் தெரியும்.

"எஞ்சின் ஷோக்கா கீது நைனா. ரேடியேட்டர்தான் பேஜாரு பண்ணுது. ஒரு வாரம் குடு. கன்னியாகுமரி இன்னா, கண்டிக்கே வுடலாம்."

இவர் சிரித்தார். கடையில் இவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

பாதை: செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி. பங்குனி உத்திரத்தன்று ஊர்ப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் எங்கள் குலசாமி சாஸ்தா கோயில். அங்கே மகள் வள்ளிக்குக் காதுகுத்து, என் அண்ணன் மடியில் வைத்து. பிறகு கன்னியாகுமரி, குற்றாலம். பங்குனியில் குற்றாலத்தில் தண்ணீர் ஏது? சொன்னால் இவருக்குக் கோபம் வரும். சொல்லவில்லை.

வள்ளிக்கு நாலு வயது. காதுகுத்து எப்போதோ ஆகியிருக்க வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் குத்தக்கூடாது. கடையைப் பூட்டாமல் தாய்மாமனிடம் போக முடியாது. இந்த வீட்டில் கடையை யாரும் பூட்டியதில்லை. பெண்ணையும் பிள்ளையையும் தனியாக ரயிலேற்றி அனுப்பும் வழக்கமும் இல்லை. இந்த வண்டி வந்ததால்தான் இதுவாவது.

ஊரில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிழலாகத்தான் தெரிகிறதாம், அண்ணன் எழுதியிருந்தான். வள்ளியை அம்மா கடைசியாகப் பார்த்தது ஐந்து மாதக் குழந்தையாக. கொஞ்சமாவது தெரியும்போதே கொண்டுபோய் முகத்தைக் காட்டிவிட வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வள்ளிக்கு எடுத்து வைத்தவை: கம்பளி, ஓமத் தண்ணீர், பொரிகடலை உருண்டை, மாற்றுப் பாவாடை ஆறு, வாந்தி எடுத்தால் துடைக்கப் பழைய வேட்டி. எலுமிச்சம்பழம் கடைசி நாள் வாங்கலாம்.

இன்னொன்று. எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. அலைச்சலாக இருக்கும்.

மாசி 28, வியாழன்

அலைச்சல் இல்லை. காலையில் கருவாட்டு வாசனை பட்டதும் கிணற்றடிக்கு ஓடினேன். வள்ளி பின்னாலேயே வந்து, "அம்மா, ஏன் துப்புற?" என்றாள். பல் தேய்க்கிறேன் என்றேன்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷமும் பட்டேன். ஒரு நிமிஷம். பிறகு வண்டி ஞாபகம் வந்தது.

போன புரட்டாசியில் இப்படித்தான். ஜட்கா வண்டியில் ராயபுரம் வரை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன், இரண்டாம் நாள் கலைந்துவிட்டது. ஜட்கா குலுக்கியதால்தான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். இவருடைய அம்மா ஒன்றை முடிவு கட்டினால் அப்பீல் கிடையாது. "இனி மாசமா இருக்கையில வாசல்படி தாண்டினா என் பொணத்தத் தாண்டிப் போ" என்று அன்றைக்கே சொல்லியாயிற்று. இதில் கன்னியாகுமரியாம்.

சொன்னால் பயணம் இல்லை. எனக்காக நிறுத்த மாட்டார்கள். வள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போவார்கள், நான் இங்கே கட்டிலில் இருப்பேன். அல்லது அடுத்த வருஷம் என்பார்கள். அம்மாவின் கண் அடுத்த வருஷம் வரை காத்திருக்குமா?

இவரிடம் மட்டும் சொல்லலாமா? சொன்ன மறு நிமிஷம் அத்தைக்குத் தெரியும். அம்மாவிடம் ஒன்றை மறைக்க இவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்த வீட்டில் மாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில் தனியாக உட்கார வேண்டும். அத்தைக்கு என் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்று மத்தியானம் முறம் புடைத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன பிள்ளே, இந்த மாசம் இன்னும் உக்காரலியே?"

"இன்னிக்கு நாளைக்குள்ள ஆயிரும் அத்தை. இடுப்பு வலிக்கு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஏன் கூடாது? உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. மூன்று நாள். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிடலாம். ஊருக்குப் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். மெதுவாக ஓட்டச் சொல்லிக் காசிம் பாயிடம் ஒரு வார்த்தை. வள்ளி பயப்படுகிறாள் என்று சொன்னால் போதும்.

மாசி 29, வெள்ளி

பின்கட்டு அறை. தகரக் கூரை. ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு. இந்த நாளில் புத்தகம், காகிதம் தொடக்கூடாது. பழைய புடவைக்குள் சுருட்டி இந்த நோட்டைக் கொண்டுவந்துவிட்டேன். தீட்டே இல்லாதவள் எதைத் தொட்டால் என்ன.

அத்தை தூரத்தில் நின்று, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்றார். பிறகு, "சரி, கோயிலுக்குப் போறதுக்குள்ள குளிச்சிருவா. அந்த மட்டுக்கும் நல்லது" என்றார். முகத்தில் ஏமாற்றம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வள்ளி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரக்கூடாது. "அம்மா, வண்டியில நான் எங்க உக்காருவேன்?" என் மடியில் என்றேன். "மடி எங்க உக்காரும்?" ஜன்னல் பக்கம் என்றேன். திருப்தியாகப் போனாள்.

ஜன்னல் பக்கம் கிடைக்குமோ என்னவோ. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்கிறது. கடைக் கணக்குப்பிள்ளை பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறாராம். "மதுரையில இறக்கி விட்டுரலாம்" என்கிறார் இவர். அடுப்பு, அரிசி மூட்டை, அத்தையின் வெந்நீர்ப் பானை, எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பெட்ரோல் ரேஷன் கூப்பன் மட்டும் இன்னும் சேரவில்லை.

அத்தை யாரிடமோ: "இந்த மாசமும் இல்ல. சாஸ்தாட்டப் போய்த்தான் நிக்கணும். ஒரு ஆம்பளப் பிள்ளையக் குடுன்னு கேக்கணும்."

கேட்கப் போகிறவர் வண்டியில் என் பக்கத்தில்தான் உட்காருவார். சாஸ்தா என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேண்டும்.

குமட்டல் இரண்டு முறை. சொம்புத் தண்ணீரைக் கொட்டிச் சத்தத்தை மறைத்தேன்.

மாசி 30, சனி

வெயில். தகரம் காய்கிறது. வியர்வையில் எழுத்து பரவுகிறது.

காலையில் கன்னியம்மா சோறு கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் தண்ணீர் இறைப்பவள். தட்டை வைத்துவிட்டுக் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ரெண்டு நாளா உக்காந்துகினு கீற. கொடியில ஒரு துணி காயலியே."

இதை யோசிக்கவே இல்லை. கன்னியம்மா ஐந்து பெற்றவள். பழைய துணியில் இரண்டை எடுத்துத் தொட்டியில் நனைத்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுப் போனாள். "கெயவி வர்ற நேரம்" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் இவர் வந்தார். கிணற்றடியோடு நின்றுகொண்டார், அதற்கு மேல் வரக்கூடாது. பின்னால் அத்தை.

"ஏளா, பம்பாய்ல கப்பல் இரும்பு ஏலம் வருது. தந்தி வந்திருக்கு. நாளைக்குச் சாயங்கால மெயில்ல போறேன்."

எப்போது திரும்புவீர்கள் என்றேன்.

"உடைச்சு ஏத்தி அனுப்ப வேண்டாமா? வைகாசி ஆயிரும்."

"அப்போ ஊருக்கு?"

"அடுத்த வருச உத்திரத்துக்குப் போவோம். சாமி எங்க, ஓடியா போகுது?"

சாமி ஓடாது. அம்மாவின் கண் ஓடும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரி" என்றேன். எதற்குத்தான் சரி சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு அழுதேன். பொய் சொல்லி, வாந்தியை விழுங்கி, இந்தத் தகரத்துக்கு அடியில் வெந்து, எல்லாம் ஒரு தந்தியில் முடிந்தது. அடுக்கி வைத்த பாவாடையை எல்லாம் கலைத்துப் போடச் சொல்லலாமா என்று வந்தது.

விளக்கு வைத்த பிறகுதான் மற்றது உறைத்தது.

நான் உட்கார்ந்திருக்கிறேன். வீடு முழுக்கப் பார்த்திருக்கிறது. நான் குளித்து வெளியே வருவதற்குள் இவர் பம்பாய் ரயிலில் இருப்பார். வைகாசியில் திரும்பி வரும்போது எனக்கு வயிறு தெரியும். எல்லோரும் கணக்குப் போடுவார்கள். மாசிக் கடைசியில் உட்கார்ந்தாள், புருஷன் பங்குனி முதல் தேதி போய்விட்டான். அப்புறம் இது எப்படி?

அத்தை கத்த மாட்டார். ஒன்றும் கேட்கவும் மாட்டார். விரலை மடக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சொல்லலாமா? பொய்யாக உட்கார்ந்தேன் என்று அப்போது சொன்னால் யார் நம்புவது? புருஷன் போன பிறகு ஏன் சொல்கிறாள் என்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தியை இப்படிப் பேசியே கிணற்றில் குதிக்க வைத்தார்கள். இவர் இங்கே இருக்கும்போதே சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் இல்லை. இப்போது சொல்லாவிட்டாலும் ஊர் இல்லை. எப்படிச் சுற்றினாலும் இந்த வீட்டுக்குள்தான்.

பங்குனி 1, ஞாயிறு

மாதப் பிறப்பு. காற்றில்லை.

கன்னியம்மா மூலம் சொல்லி அனுப்பலாம் என்று காத்திருந்தேன். அத்தை அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டார். வள்ளியிடம், அப்பாவைக் கூட்டி வா என்றேன். போய் ஆச்சியைக் கூட்டி வந்தாள். "பயணம் போறவனை இந்த நேரம் கூப்பிடாதே. நாளைக்குக் குளிச்சிட்டுக் காயிதம் போடு" என்று, நான் வாய் திறப்பதற்குள் அத்தை கதவைச் சாத்திவிட்டார்.

வாசலில் எஞ்சின் சத்தம். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. கன்னியாகுமரிக்கு அல்ல, சென்ட்ரலுக்கு.

கதவைத் திறந்தேன். கிணற்றடி, அடுக்களை, சாமி அறை, கூடம். தீட்டுக்காரி நடக்கக்கூடாத வழி முழுக்க நடந்தேன். இவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை கையில் பெட்டி. அத்தை விபூதித் தட்டோடு நின்றவர் அலறினார்.

"ஏட்டி, தொடாத. பயணம் போறவன்."

தொட்டேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் போய்விடுவார் போலிருந்தது.

"எனக்குத் தீட்டு இல்ல அத்தை. இந்த மாசம் வரவேயில்ல. சும்மா உக்காந்தேன்."

காசிம் பாய் எஞ்சினை அணைத்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்குப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

இவர்தான் கேட்டார். "எதுக்கு?"

"சொன்னா ஊருக்கு விட மாட்டிய. அம்மாவைப் பாக்கணும்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மா முகத்தை. பிறகு கைக்கடிகாரத்தை. "நேத்தே சொல்லியிருக்கலாம்லா" என்றார். குரலில் சந்தோஷம்தான். அத்தையின் தட்டிலிருந்து விபூதியை எடுத்து எனக்குத் தானே பூசிவிட்டார், எல்லோருக்கும் முன்னால். எனக்கு அது போதும், சாட்சிக்கு. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

அத்தை திட்டவில்லை. உட்கார்ந்து அழுதார், சாஸ்தாவைக் கூப்பிட்டார், எழுந்து என் தலையைத் தடவினார். போகாமலே சாமி கொடுத்துவிட்டது என்கிறார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை போயிற்று. கட்டிலை நடு அறையில் போட்டாயிற்று. கிணற்றடிக்குக்கூடப் போகக்கூடாது. வாசல்படி தாண்டுவது பிள்ளை பிறந்த பிறகுதான். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். இது இரண்டாவது.

அண்ணனை இங்கே வரச் சொல்லிக் காதுகுத்தை முடித்துவிடலாமாம். அண்ணன் வருவான். அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது.

கன்னியம்மா பால் கொண்டுவந்து வைத்தாள். "இன்னாம்மா, எல்லாரும் குஷியா கீறாங்க, நீ மட்டும் இப்டி கீற" என்றாள்.

எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்.