ஒரே ரத்தம்

14-6-2004
உமைரா மறுபடி வகுப்பிலிருந்து எழுந்து ஓடிவிட்டாளாம். ஏழு வயது. கவனக் குறைபாடு என்று பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்தால் உட்கார்ந்துவிடுவாளா? சென்னையில் ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறார். நோய் எதிர்ப்புச் சக்தியின் மரபணுவுக்கும் இந்தத் துறுதுறுப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று. பிள்ளை, தாய், தகப்பன் மூவரின் ரத்தமும் வேண்டுமாம்.

19-6
இவருக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. தம்பி சஹாபுதீனை அனுப்பினார். "அண்ணன் தம்பி ஒரே ரத்தம்தானே. அவன் குட்த்தா இன்னா, நான் குட்த்தா இன்னா?" பிள்ளையின் தகப்பன் பெயர் கேட்டபோது அவன் இவர் பெயரையே, அப்துல் வஹாப் என்று சொன்னான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

7-8
டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பிள்ளையின் மரபணுவில் பாதி தகப்பனிடமிருந்து வந்திருக்கவேண்டும், வரவில்லை என்றார். "யாருகிட்டயும் சொல்லமாட்டேம்மா" — அந்தக் கனிவுதான் தாங்கவில்லை. வந்தவர் என் கொழுந்தன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். சித்தப்பா ரத்தம் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம், அப்பாவே வரட்டும் என்றார்.

8-8
வேடிக்கையாகத்தான் இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "தம்பி ரத்தம் சேரலைன்னா என்து மட்டும் எப்டி சேரும்?" டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். "இன்னா மறைக்கிறே?" — இத்தினி வருசம் கூட இருந்துக்கினு கேக்குற கேள்வியா இது? அழுகைகூட வரலை. மரத்துப்போச்சு.

9-8
சோறு வைத்தேன். சாப்பிட்டார்.

22-8
ரத்தம் கொடுக்க வரமாட்டாராம். உமைரா முதுகில் ஏறினால் இறக்கிவிடுகிறார். முகத்தைப் பார்ப்பதே இல்லை. "நான் குறும்பு பண்றேன்னுதான் அத்தாக்குக் கோவமாம்மா?" ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும்.

6-9
ஆரோக்கியமேரி டீச்சர் வழியில் நிறுத்திச் சொன்னார்: "உமைரா இப்பல்லாம் எவ்ளோ அமைதி! இன்னா மருந்து குடுக்குறீங்க?" ஒன்றும் கொடுக்கவில்லை டீச்சர் என்றேன்.

11-9
இவர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாராம். என்னிடம் சொல்லவில்லை. சஹாபுதீன்தான் சொன்னான்.

12-10
பொருந்திவிட்டது. மரபணுவுக்கும் துறுதுறுப்புக்கும் தொடர்பு உண்டா என்று தெரிய இன்னும் வருஷக்கணக்காகுமாம். இவர் அதைக் கேட்கவா போனார்? பிரியாணி வாங்கிவந்தார். "மன்சுல வச்சிக்காதே, கமர்." சரி என்றேன். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"வாடா கண்ணு, அத்தா மடில வந்து குந்து" என்று கை நீட்டினார். உமைரா சுவரோரம் இருந்து என்னைப் பார்த்தாள். "போலாமாம்மா?" என்று கேட்டாள். எதற்கும் உத்தரவு கேட்டே பழக்கமில்லாதவள்.

போனாள். அவர் மடியில் உட்கார்ந்தாள். அசையவே இல்லை.